கடல் இருந்த ஊர்கள்! பெரம்பலூர் முதல் அரியலூர் வரை ஒரு கல் பயணம்

சென்னையிலிருந்து திருச்சி போகும் நெடுஞ்சாலையில் எத்தனை முறை போயிருப்பீர்கள்? பெரம்பலூர் தாண்டியதும் சிறுவாச்சூர் மதுரகாளியம்மனுக்கு ஒரு கும்பிடு, வழியில் ஒரு டீ, பிறகு நிற்காமல் ஊர் போய்ச் சேர்வது. பெரும்பாலானவர்களின் பயணம் இப்படித்தான். நடுவில் பாடாலூர் என்று ஓர் ஊர் வரும். அங்கிருந்து இடது கைப்பக்கம், அதாவது கிழக்கே, சின்னச் சாலைகள் பிரிந்து போகும். அடுத்த முறை ஒரு நாள் கையில் இருந்தால் அந்தப் பக்கம் வண்டியைத் திருப்புங்கள். கொஞ்ச தூரத்தில் கடல் வந்துவிடும்.

தண்ணீர் இல்லாத கடல்!

இன்றைய கடற்கரைக்கும் இந்த ஊர்களுக்கும் நடுவில் ஏறத்தாழ 100 கிலோமீட்டர். சோளம், பருத்தி, மக்காச்சோளம், கருவேலங்காடு, ஆட்டு மந்தை என்று வறண்ட பூமி. ஆனால், மண்ணைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் சிப்பி, நத்தை ஓடு, சுறாவின் பல் எல்லாம் தெரியும். எல்லாமே கல்லாகிப்போனவை. புவியியல் படிக்கும் மாணவர்களுக்கு இந்தியாவின் பல மாநிலங்களிலிருந்து இங்கே வருவது ஒரு யாத்திரை மாதிரி. நமக்குத்தான், பக்கத்திலேயே இருப்பதால் தெரிவதில்லை.

இன்னொரு விசேஷம். இங்கே பாறை அடுக்குகள் மேற்கே பழையவை, கிழக்கே போகப் போகப் புதியவை. பாடாலூர் பக்கத்து ஊட்டத்தூரில் தொடங்கி, அரியலூரைத் தாண்டி நின்னியூர் வரை போனால், ஏறக்குறைய 11 கோடி ஆண்டுகளுக்கு முன்பிருந்து 6.6 கோடி ஆண்டுகளுக்கு இந்தப் பக்கம் வரை வந்துவிடுவீர்கள். கணக்குப் போட்டால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 லட்சம் ஆண்டுகள். டவுன் பஸ்ஸில் போனாலும் அதே வேகம்தான்!

ஊட்டத்தூர்: உலக வரைபடத்தில் ஒரு கிராமம்

ஊட்டத்தூர் சுத்தரத்தினேஸ்வரர் கோயிலுக்குப் போனவர்கள் இருப்பீர்கள். பஞ்சநதனப் பாறையில் வடித்த நடராஜரைப் பார்க்க வருகிறவர்கள் அதிகம். ஆனால், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் இருக்கும் புவியியலாளர்களுக்கு இந்த ஊரின் பெயர் வேறு காரணத்துக்காகத் தெரியும். இங்குள்ள மிகப் பழைய கடல் படிவ அடுக்குகளுக்கு ‘ஊட்டத்தூர்த் தொகுதி’ என்றே பெயர். அதற்கு மேலே இருப்பது ‘திருச்சிராப்பள்ளித் தொகுதி.’ அதற்கும் மேலே ‘அரியலூர்த் தொகுதி.’ நம் ஊர்ப் பெயர்களிலேயே பூமியின் காலக் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது.

கடல் எப்படி இங்கே வந்தது? டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில் இந்தியா, அண்டார்டிகாவோடும் ஆஸ்திரேலியாவோடும் ஒட்டிக்கொண்டிருந்தது. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் பெரும் நிலம் பிளந்தது. பிளந்த ஓரங்களில் பள்ளங்கள் விழுந்தன. காவிரிப் படுகை அப்படி விழுந்த பள்ளம்தான். அதற்குள் கடல் நுழைந்தது. பின்வாங்கியது, மறுபடி வந்தது. ஒவ்வொரு முறையும் மண்ணையும் மணலையும், அதில் வாழ்ந்தவற்றையும் அடுக்கி வைத்துவிட்டுப் போனது.

1840-களில் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த கே, கன்லிஃப் என்ற இரண்டு ஆங்கிலேய அதிகாரிகள் இந்தப் பகுதியின் கல் சிப்பிகளைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற இயற்கை அறிஞர் 1846-ல் அவற்றைப் பற்றி எழுதினார். பிறகு ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் பகுதியை நடந்து நடந்து வரைபடமாக்கினார். அவருக்குப் பின், இன்றைய செக் நாட்டில் பிறந்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, இங்கே கிடைத்த கடல் உயிரினங்களைப் பெரிய தொகுதிகளாக விவரித்தார். 1874-ல் யார்க்கண்ட் பயணம் முடிந்து திரும்பும் வழியில், லடாக் மலைகளில் 36 வயதில் இறந்துபோனார் அவர். லே நகரில் அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. அவர் எழுதிய புத்தகங்களை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள்.

காரை: ஆடு மேயும் கடல் அடி

ஊட்டத்தூரிலிருந்து வடகிழக்கே காரை, கொளக்காநத்தம் பக்கம் போனால் நிலத்தின் முகமே மாறிவிடும். செடி கொடி குறைந்து, மழைநீர் அறுத்த ஓடைகளும் மேடுகளுமாக ஒரு பொட்டல். மஞ்சளும் சாம்பலும் கலந்த களிமண். அதன் நடுவே கண்ணாடித் துண்டு போல வெயிலில் மின்னுவது ஜிப்சம். கடல் அடியில் அமைதியாகப் படிந்த சேறு இது.

குனிந்து பார்த்தால், துப்பாக்கித் தோட்டா போலக் கூரான, பழுப்பு நிறக் கற்கள் தெரியும். பெலம்னைட் என்று பெயர். கணவாய் மீனின் பழைய உறவுக்காரர். அதன் உடம்புக்குள் இருந்த கெட்டியான பகுதிதான் இப்படி மிஞ்சியிருக்கிறது. சுறாப் பற்களும் இந்த மண்ணில் கிடைத்திருக்கின்றன. டால்பின் வடிவில் இருந்த இக்தியோசார் என்ற கடல் ஊர்வனவின் எச்சமும் ஊட்டத்தூர்த் தொகுதியிலிருந்து 1879-லேயே பதிவாகியிருக்கிறது.

பிறகு அம்மோனைட். சுருண்டு சுருண்டு போகும் ஓடு, அதில் வரிவரியான மேடுகள். பார்த்தால் நத்தை என்றுதான் தோன்றும். ஆனால், நத்தைக்கும் இதற்கும் தூரத்துச் சொந்தம்தான். கணவாய், ஆக்டோபஸ் குடும்பம் இது. ஓட்டுக்குள் அறை அறையாகத் தடுத்து, காற்று நிரப்பி, தண்ணீரில் மிதந்து நீந்திய உயிர். நேபாளத்துக் கண்டகி நதியிலிருந்து வந்து நம் பூஜை அறைகளில் இருக்கும் சாளக்கிராமத்தில் சக்கரம் போலத் தெரிவதும் அம்மோனைட்டின் சுருள்தான். இமயமலை எழும் முன் அங்கே இருந்த கடலின் சாட்சி அது.

நான் போனபோது, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பாட்டி ஓடைக் கரையில் உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் தள்ளி ஒரு காரில் வந்த குடும்பம், பிளாஸ்டிக் பையில் கற்களைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தது. அவர்களைப் பார்த்தபடியே பாட்டி கேட்டார்.

“வர்றவங்க எல்லாரும் பைபையா அள்ளிட்டுப் போறாங்களே, இத கொண்டுபோயி என்னா சாமி பண்ணுவாங்க?”

“வீட்டுல அலமாரியில வெப்பாங்க பாட்டி.”

“அங்க வெச்சா இது கடலுன்னு தெரியுமா?”

இந்தப் பயணத்தில் நான் கேட்ட ஆகச் சிறந்த கேள்வி அதுதான். பதிலுக்குப் பிறகு வருவோம்.

உயிர் எப்படிக் கல்லாகிறது?

ஓர் ஆடு செத்துப்போனால் என்ன ஆகும்? நாயும் காக்கையும் பாதியைத் தின்னும். மீதியை எறும்பும் புழுவும் பார்த்துக்கொள்ளும். எலும்பு வெயிலில் வெளுத்து, மழையில் உதிர்ந்து, சில ஆண்டுகளில் மண்ணோடு மண். 99 சதவீதத்துக்கும் மேலான உயிர்களுக்கு இதுதான் கதி. எச்சமாக மிஞ்சுவது என்பது லாட்டரியில் பரிசு விழுவது போல.

அந்தப் பரிசு விழ நாலைந்து விஷயங்கள் கூடி வர வேண்டும். முதலில், ஓடு, எலும்பு, பல், மரம் என்று ஏதாவது கெட்டியான பாகம் இருக்க வேண்டும். இரண்டாவது, செத்த உடனே சேறோ மணலோ மூடிவிட வேண்டும். அதனால்தான் கடல் அடியும் ஆற்றுப் படுகையும் ராசியான இடங்கள். மூன்றாவது, உள்ளே காற்று புகக் கூடாது. புகுந்தால் நுண்ணுயிர்கள் மிச்சம் வைக்காது. நான்காவது, மேலே மேலே படியும் மண்ணின் பாரத்தில் சேறு இறுகிப் பாறையாக வேண்டும். கடைசியாக, கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்து அந்த நிலம் மேலே எழும்பி, மழை அதை அறுத்து, யாராவது பார்க்கும் நேரத்தில் வெளியே எட்டிப் பார்க்க வேண்டும்.

கல்லாகும் விதமும் ஒன்றல்ல. விநாயகர் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை அச்சு வைத்திருப்போமே, அது ஒரு விதம். சிப்பியைச் சுற்றிச் சேறு இறுகுகிறது. பிறகு சிப்பி கரைந்துபோகிறது. வெற்றிடம் அச்சாக நிற்கிறது. அதற்குள் வேறு தாது வந்து நிரம்பினால், சிப்பியின் வடிவத்தில் ஒரு கல் கிடைக்கும்.

இன்னொரு விதம், உப்புத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அது போல. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் தாது, எலும்பிலும் மரத்திலும் உள்ள நுண் துளைகளில் போய் படிகிறது. மெல்ல மெல்ல உள்ளே எல்லாம் கல்.

மூன்றாவது விதத்தில் உடம்பே இருக்காது. புதிதாகப் பூசிய சிமென்ட் தரையில் தெரு நாய் நடந்துபோனால் காலடி அப்படியே நிற்கும் இல்லையா? அது போல, கடல் அடியில் புழுவும் நண்டும் துளைத்த வளைகள், ஊர்ந்த தடங்கள் பாறையில் பதிந்திருக்கும். எலும்பு ‘யார்’ என்று சொல்லும். தடம் ‘என்ன செய்துகொண்டிருந்தார்’ என்று சொல்லும்!

சாத்தனூர்: படுத்திருக்கும் மரம்

இரண்டாவது விதத்துக்கு உதாரணம் பார்க்க சாத்தனூருக்கு வாருங்கள். பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் இருக்கும் கிராமம். செங்கம் பக்கத்து சாத்தனூர் அணை வேறு, இது வேறு. மேப்பில் ‘சாத்தனூர் கல்மரம்’ என்று தேடுங்கள்.

வேலி போட்ட இடத்தில், ஓடையை ஒட்டி ஒரு மரம் படுத்திருக்கிறது. நீளம் 18 மீட்டர். ஒரு பஸ்ஸைவிட நீளம். தூரத்திலிருந்து பார்த்தால் நேற்று வெட்டிச் சாய்த்தது போல இருக்கும். தொட்டால் குளிர்ந்த கல்.

1940-ல் இதை உலகுக்குச் சொன்னவர் மகாராஜபுரம் சீதாராமன் கிருஷ்ணன். எம்.எஸ்.கிருஷ்ணன் என்றால் புவியியல் படித்தவர்களுக்குத் தெரியும். பின்னாளில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் இந்தியர். இன்று இந்த மரம் தேசியப் புவியியல் நினைவுச்சின்னம்.

டைனோசர்கள் உலவிய கிரிட்டேஷியஸ் காலத்தில், இது கரையில் நின்ற மரம். பூக்கும் மரங்கள் பெருகாத காலத்து ஊசியிலை மர வகை. ஆற்று வெள்ளமோ கடலோ இழுத்துக்கொண்டு வர, ஆழமில்லாத கடலில் மணலுக்குள் புதைந்தது. மணலில் ஊறிய நீரிலிருந்த சிலிக்கா, மரத்தின் அணுவறைகள் மக்கும் முன்னே அவற்றுக்குள் படிந்தது. இப்படிக் கல்லான மரத்தை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் அணுவறைச் சுவர்கூடத் தெரியும். வளர்ச்சி வளையம் இருந்தால் அந்தக் காலத்துப் பருவநிலையையும் ஊகிக்கலாம்.

இந்தப் பகுதியில் கிடைக்கும் வேறு சில கல்மரத் துண்டுகளில் விரல் பருமனுக்குத் துளைகள் இருக்கும். தோணிகளையும் கப்பல் பலகையையும் துளைக்குமே, அந்தக் கப்பல் புழுவின் வேலை. அது கடல் நீரில்தான் வாழும். ஆக, அந்த மரம் கொஞ்ச காலம் கடலில் மிதந்தது என்பதற்கு அந்தத் துளையே சாட்சி. ஒரு துளையிலிருந்து எவ்வளவு கதை!

கருடமங்கலம், கல்லங்குறிச்சி: உங்கள் வீட்டுச் சுவரில் கடல்

சாத்தனூருக்கு அடுத்து கருடமங்கலம். இங்கே கிடைக்கும் சுண்ணாம்புக்கல் முழுக்க முழுக்க சிப்பியும் கிளிஞ்சலும் நெருங்கி ஒட்டியது. மெருகேற்றினால் கருமையான பின்னணியில் வெள்ளைச் சிப்பிகள் பூப்பூவாகத் தெரியும். ஒரு காலத்தில் ‘திருச்சி மார்பிள்’ என்ற பெயரில் மேஜைப் பலகையாகவும் அலங்காரப் பொருளாகவும் இதை விரும்பி வாங்கினார்கள்.

இன்னும் கிழக்கே வந்தால் அரியலூர். ஊரை ஒட்டிய கல்லங்குறிச்சியில் கலியுக வரதராஜப் பெருமாள் கோயில் இருக்கிறது. கற்கம்பத்தையே பெருமாளாக வணங்கும் கோயில். விளைந்த தானியத்தில் ஒரு பங்கைக் கொண்டுவந்து காணிக்கை செலுத்தும் விவசாயிகள் இன்றும் உண்டு. இந்த ஊரின் பெயரில்தான் இங்குள்ள சுண்ணாம்புப் பாறை அடுக்கு அழைக்கப்படுகிறது. உள்ளங்கையை நிறைக்கும் தடித்த சிப்பிகள் திட்டுத் திட்டாகக் குவிந்து உருவான பாறை.

அரியலூர் என்றதும் சிமென்ட் ஆலைகள் நினைவுக்கு வருகின்றன அல்லவா? அந்த ஆலைகள் இங்கே வந்ததற்கு இந்தச் சிப்பிகள்தான் காரணம். சிப்பியும் நத்தையும் கடல் நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்து ஓடு கட்டின. செத்து, குவிந்து, பாறையாயின. அந்தப் பாறையைத் தோண்டி, களிமண்ணோடு சேர்த்து, 1,400 டிகிரிக்கு மேல் சுட்டால் சிமென்டின் மூலப்பொருள் தயார். அரைக்கும்போது கொஞ்சம் ஜிப்சம். தமிழ்நாட்டில் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் இந்தக் கடல் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் இருக்கலாம்.

சுரங்கம் நல்லதா கெட்டதா என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. மண்ணை வெட்டியதால்தான் பல எச்சங்கள் வெளியே தெரிந்தன. வேலைவாய்ப்பும் அதனால்தான். ஆனால், பார்த்துக் குறித்து வைக்க ஆள் இல்லாத இடத்தில், வெளியே வந்த எச்சம் அன்றைக்கே லாரியில் ஏறி உலைக்குப் போய்விடும். வெட்டுகிற இடத்தில் தெரிந்த கண் ஒன்று இருப்பது அவ்வளவு முக்கியம்.

கல்லமேடு: நொறுங்கிப்போன ராட்சதன்

அரியலூருக்கு வடகிழக்கே கல்லமேடு. கடல் பின்வாங்கி, ஆறுகள் மணலைக் கொட்டிய காலத்துப் பாறை. ஆகவே, இங்கே கிடைப்பவை தரையில் வாழ்ந்தவற்றின் எலும்புகள். 1980-களில் இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த யாதகிரி, அய்யாசாமி இருவரும் இங்கே கிடைத்த பிரமாண்டமான எலும்புகளைப் பற்றி எழுதினார்கள். ‘ப்ருஹத்காயோசாரஸ்’ என்று பெயர் வைத்தார்கள். பேருடல் கொண்ட பல்லி என்று பொருள். அதன் கெண்டைக்கால் எலும்பு மட்டும் சுமார் 2 மீட்டர். உங்களையும் என்னையும்விட உயரம். உலகில் இதுவரை தரையில் நடந்த மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்கிறார்கள். எடை 100 டன்னைத் தாண்டும் என்றும் மதிப்பீடு உண்டு. 20 யானைகளின் எடை!

அந்த எலும்புகளைப் பார்க்க எங்கே போக வேண்டும்? எங்கும் போக முடியாது. அவை இல்லை.

மண்ணில் இருந்தபோதே இளகி, விரிசல் கண்டிருந்த எலும்புகள். மழையிலும் ஈரத்திலும் மேலும் நொறுங்கி, கடைசியில் உதிர்ந்துபோயின. மிஞ்சியது ஆய்வுக் கட்டுரை, சில கோட்டோவியங்கள். எலும்பே கையில் இல்லாததால் பல ஆண்டுகள் சந்தேகம் ஓடியது. ‘அது எலும்பே இல்லை, கல்மரமாக இருக்கும்’ என்றுகூடச் சிலர் சொன்னார்கள். 2022-ல்தான், தோண்டிய காலத்தில் எடுத்த பழைய புகைப்படங்கள் வெளியாகி, எலும்புதான் என்ற வாதத்துக்கு வலு சேர்த்தன.

6 கோடி ஆண்டுகளுக்கு மேல் மண்ணுக்குள் தாங்கிய எலும்பு, மண்ணை விட்டு வெளியே வந்து சில ஆண்டுகள்கூடத் தாங்கவில்லை. கல்லாகிவிட்டது என்பதால் அழியாது என்று நினைத்துவிடக் கூடாது.

கல்லமேட்டின் சின்னச் சின்ன எச்சங்களும் பேசியிருக்கின்றன. இங்கே கிடைத்த ஒரு முதலை வகையின் பற்கள், மடகாஸ்கர் தீவில் வாழ்ந்த முதலையை ஒத்திருக்கின்றன. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தவை என்பதற்கு, நகத்தளவு பல்லும் ஒரு சாட்சி.

கூடவே ஓர் எச்சரிக்கை. 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஒரு குளத்தில் மண் எடுத்தபோது உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் வந்தன. ‘டைனோசர் முட்டை’ என்று வாட்ஸ்அப் முழுக்கப் பரவியது. ஆய்வாளர்கள் வந்து பார்த்து, கடல் படிவத்தில் உருவான உருண்டைகள் என்றார்கள். கடல் சேற்றில் கிடக்கும் ஓட்டையோ துணுக்கையோ சுற்றித் தாது படிந்து படிந்து, லட்டு பிடித்தது போல உருண்டையாகிவிடும். உருண்டை எல்லாம் முட்டை அல்ல!

நின்னியூர்: ஒரு வாசல்

பயணத்தின் கடைசி நிறுத்தம், செந்துறை பக்கத்து நின்னியூர். பார்க்க ஒன்றுமே இல்லாத ஊர் என்று தோன்றும். வெளிறிய சுண்ணாம்புப் பாறை, வயல், அவ்வளவுதான். ஆனால் இங்கே நிற்கும்போது நீங்கள் ஒரு வாசலைத் தாண்டிவிட்டீர்கள்.

6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, இன்றைய மெக்சிகோவில் ஒரு விண்கல் மோதியது. அதே காலகட்டத்தில் தக்காணத்தில் எரிமலைகள் பொங்கின. பறவைகளாக மாறியிருந்தவை தவிர, டைனோசர்கள் அழிந்தன. கடலில் அம்மோனைட்டுகள் முழுக்க அழிந்தன.

காரையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்த அந்தச் சுருள் ஓடு, நின்னியூர்ப் பாறையில் இல்லை. அதற்குப் பதில் இங்கே இருப்பது நாட்டிலஸ் வகை ஓடு. ஏறக்குறைய அதே வடிவம், அதே அறை அமைப்பு. ஆனால், அது பிழைத்தது. அதன் உறவினர்கள் இன்றும் பசிபிக் பெருங்கடலில் நீந்துகிறார்கள். ஒன்று போய், ஒன்று தங்கியது. 19-ம் நூற்றாண்டிலேயே இந்த நாட்டிலஸை வைத்துத்தான் நின்னியூர்ப் பாறை மற்றவற்றைவிடப் புதியது என்று கண்டுபிடித்தார்கள்.

பாட்டியின் கேள்விக்குப் பதில்

இப்போது யோசித்துப் பாருங்கள். நின்னியூர் நாட்டிலஸும் காரை அம்மோனைட்டும் உங்கள் வீட்டு அலமாரியில் அருகருகே இருந்தால் எப்படி இருக்கும்? இரண்டு சுருள் கற்கள். அழகாக இருக்கும். அவ்வளவுதான். நடுவில் ஓர் உலகமே அழிந்தது என்று அந்த அலமாரி சொல்லாது. எந்த ஊர், எந்த அடுக்கு, பக்கத்தில் வேறு என்ன இருந்தது என்பதெல்லாம் தெரிந்தால்தான் எச்சம் பேசும். இடம் தெரியாத எச்சம், பெயரும் தேதியும் இல்லாத பழைய புகைப்படம் மாதிரி. முகம் தெரியும். யார் என்று தெரியாது.

புவியியல் பாரம்பரிய இடங்களையும் எச்சங்களையும் காக்கத் தனிச் சட்டம் வேண்டும் என்று மத்திய சுரங்க அமைச்சகம் 2022-ல் ஒரு வரைவு மசோதா வெளியிட்டது. சட்டம் தன் வேலையைச் செய்யட்டும். நாம் ஒரு பையை வெறுமையாகத் திருப்பிக்கொண்டு வரலாம்.

குழந்தைகளோடு போனால் இப்படிச் செய்யுங்கள். கல்லைப் பார்த்தால் அது கிடக்கும் இடத்திலேயே, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். அளவு தெரியும். போனில் லொகேஷனைப் பதிவு செய்யுங்கள். கல்லை அங்கேயே விட்டுவிடுங்கள். எலும்பு, பெரிய ஓடு என்று ஏதாவது விசேஷமாகத் தெரிந்தால் தோண்டாமல், மாவட்ட நிர்வாகத்துக்கோ பக்கத்துக் கல்லூரியின் புவியியல் துறைக்கோ படத்தை அனுப்புங்கள். கல்லைக் கையில் எடுத்துப் பார்க்க ஆசைப்படும் பிள்ளைகளை அரியலூர் அருகே வாரணவாசியில் இருக்கும் புதைபடிவ அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போங்கள். அங்கே பெயரும் ஊரும் எழுதி வைத்திருக்கும் கற்களைப் பார்த்துவிட்டுக் களத்துக்குப் போனால், கண் தானாகவே தேடத் தொடங்கும். விடுமுறை நாள், நேரம் மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போவது நல்லது. கோடையில் காரைப் பொட்டலில் நிழல் கிடையாது. மழை பெய்தால் களிமண் செருப்பை விடாது. தொப்பி, நிறைய தண்ணீர், பாதத்தை மூடும் ஷூ அவசியம். பாம்பு இருக்கும் பூமி. பட்டா நிலமாக இருந்தால் உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சுரங்கங்களுக்குள் அனுமதி இல்லாமல் போகக் கூடாது. வெடி வைக்கும் இடங்கள் அவை. ரயிலில் வருபவர்களுக்கு விழுப்புரம் - திருச்சி பாதையில் அரியலூர் நிலையம் வசதி. சின்ன ஊர்களுக்குப் பஸ் குறைவு என்பதால் காரோ வேனோ இருந்தால் ஒரே நாளில் மேற்கிலிருந்து கிழக்கே முழுப் பயணத்தையும் முடித்துவிடலாம்.

காரையில் ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மண் கொஞ்சம் கரைந்து, புதிதாக ஏதோ ஒன்று தலை காட்டுகிறது. நமக்கு வாசிக்கத் தெரியாததை வாசிக்கிற ஒருவர், இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே இப்போது ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருக்கலாம். அந்தப் பிள்ளை வந்து பார்க்கும்போது, கல் அது கிடந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.